நானில்லாட்டியாரின் தரவுத்தளம்

வாசகரே, நானில்லாட்டியார் என்றொரு இனம் இருக்கிறது. தெரியாது என்று தலையாட்ட வேண்டாம், உங்களுக்கு நன்றாகத் தெரியும். எந்தக் கந்தோர் அலுவலகத்தை எடுத்தாலும், எந்தக் கோயில் நிருவாக சபையை எடுத்தாலும், எந்தக் கலியாண வீட்டுக் குசினியை எடுத்தாலும் அங்கே ஒருவர் நிற்பார். என்ன பதவி என்று கேட்டால் "எனக்கென்ன பதவி, சும்மா ஒரு உதவிக்கு நிக்கிறன்" என்பார். ஆனால் அலுமாரிப் பூட்டின் திறப்பு அவருடைய மடியில்தான் இருக்கும், ஜெனறேற்றரின் எந்தப் பக்கத்தில் தட்டினால் அது வேலை செய்யும் என்பது அவருக்கு மட்டுந்தான் தெரிந்திருக்கும், மேளகாரருக்கு யார் சொன்னது, எத்தனை மணிக்கு வரச் சொன்னது என்பதெல்லாம் அவருடைய தலைக்குள்ளேதான் கிடக்கும். அவர் ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்தால் எல்லாம் நின்றுவிடும். ஆள்தான் கட்டிலில் படுத்திருப்பார், காது வாசல் படலையில் இருக்கும். "அந்தாள் இல்லாட்டி ஒண்டும் ஏலாதப்பா" என்று றோட்டால் போகிற யாராவது சொல்லிக் கேட்டால்தான் அவருக்கு வியர்த்துக் காய்ச்சல் இறங்கும்.

இவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறியாக இருந்திருந்தால் நாங்கள் தப்பியிருப்போமே. மாடாய் உழைப்பார். சம்பளமும் கேட்க மாட்டார். அவருக்கு ஒரேயொரு நிபந்தனைதான்: செய்கிற வேலை வேறொருவருக்கும் விளங்கக் கூடாது. விளங்கிவிட்டால் பிறகு இவர் எதற்கு?

மூன்று வசனங்களை வைத்து இந்த இனத்தை எங்கே கண்டாலும் அடையாளம் பிடிக்கலாம். "கை வையாதேயும்" என்பது முதலாவது. "அதுக்கொரு காரணம் இருக்கு" என்பது இரண்டாவது. என்ன காரணம் என்று நீங்கள் கேட்ட உடனே மூன்றாவது வரும்: "சொன்னால் உமக்கு விளங்காது."

இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய ஒருவர் யாழ்ப்பாணத்துத் தீவொன்றிலுள்ள புளியங்கூடலில் இருக்கிறார். பெயர் விநாயகமூர்த்தி. ஊருக்கு மூர்த்தியர். தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்த குடும்பம்; கடை போன பிறகு கொழும்பில் கொம்பியூட்டர் படித்து, சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தில் மனைவி நல்லம்மாவையும் சின்ன மகள் லக்சிகாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பியவர். வந்து பார்த்தால் ஊரில் தண்ணீருக்குச் சண்டை. தீவைச் சுற்றிக் கடலுக்கு ஒரு குறையுமில்லை, குடிக்கிற தண்ணீருக்குத்தான் பஞ்சம். கிணற்றில் அள்ளி வாயில் வைத்தால் உப்பு. ஆகவே ஊரவர்கள் ஒரு தண்ணீர்ச் சங்கம் தொடங்கி, மண்கும்பான் பக்கத்து நல்ல கிணறுகளிலிருந்து பவுசர் லொறியில் தண்ணீர் ஏற்றிவந்து வீட்டுக்கு வீடு பரல் பீப்பாய்களில் இறக்கினார்கள். யாருக்கு எப்போது முறை, எத்தனை பரல் என்பதில்தான் மண்டை உடைந்தது. மூர்த்தியர் முன்னால் வந்தார். "இதுக்கு ஒரு டேற்றாபேஸ் செய்தால் சரி" என்றார். ஒருவருக்கும் அது என்னவென்று தெரியாது. அன்றைக்குத் தொடங்கியது அவருடைய ராச்சியம்.

தரவுத்தளம் என்றால் நீங்கள் பயப்படவேண்டியதில்லை. பல தட்டுகள் உள்ள அலுமாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் வீடுகள், இன்னொன்றில் முறைகள், இன்னொன்றில் இரவல் கொடுத்த பரல்கள், வேறொன்றில் சனங்களின் முறைப்பாடுகள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பெயர் எழுதி ஒட்டவேண்டும். வீடுகள் உள்ள தட்டில் உங்களையும் என்னையும் போன்ற சாதாரண மனிதர் என்ன எழுதுவோம்? 'வீடுகள்' என்று எழுதுவோம். மூர்த்தியர் எழுதுவாரா? அப்படி எழுதினால் எந்த வழிப்போக்கனும் வாசித்து விளங்கிவிடுவானே. ஆகவே அவர் தன்னுடைய இனசனத்தின் பெயர்களை எழுதி ஒட்டினார். வீடுகளுக்கு 'ஏரம்பு'. முறைகளுக்கு 'சறோஜினிதேவி'. பரல்களுக்கு 'சதீசன்'. இப்படியே ஒன்றுவிட்ட சகோதரங்கள் வரைக்கும் போனது. ஏனென்று கேட்டால் "பாதுகாப்பு" என்பார். புளியங்கூடலில் யாருக்கு எப்போது தண்ணீர் வரும் என்ற இரகசியத்தைத் திருடுவதற்கு எந்த நாட்டுக் கள்ளன் கப்பலேறி வரப்போகிறான் என்று கேட்க ஒருவருக்கும் துணிவில்லை.

வீடுகளுக்காவது இலக்கம் போட்டாரா? இல்லை. தீவில் காணி என்றால் அதற்கொரு பெயர் இருக்கும், உறுதிப் பத்திரத்திலேயே இருக்கும். பனையடி வளவு, கொட்டில் வளவு, சங்கத்தானை என்று அந்தப் பெயர்களையே போட்டார். பனையடி வளவு ஊரில் நாலைந்து இருந்ததால் பக்கத்தில் ஓர் அடையாளமும் சேர்த்தார்: பனையடி வளவு சுவிஸ்காரர், பனையடி வளவு கோழிக்காரர், பனையடி வளவு எங்களோடு கோபம். அந்தக் கோபம் தீர்ந்து, இரண்டு வீட்டுக்கும் சம்பந்தமும் நடந்து, பிள்ளைகளும் பிறந்துவிட்டன. கொம்பியூட்டரில் இன்னும் கோபந்தான்.

இவையெல்லாவற்றையும்விட ஆலடி வளவு ஒரு பெரிய அதிசயம். தரவுத்தளத்தைச் செய்யத் தொடங்கிய முதல் நாள், வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன்னுடைய குடும்பத்துப் பாழ்வளவு ஒன்றின் பெயரை மூர்த்தியர் முதலாவது வீடாகப் போட்டார். அங்கே வீடும் இல்லை, ஆளும் இல்லை. இடிந்த மதில் ஒன்றும் ஒரு சீமெந்துத் தொட்டியும்தான். பிறகு அதை அழிக்கப் பார்த்தார். அழித்தால் முழுப் புரோகிராமும் நின்றது. திருப்பிப் போட்டார். ஓடியது. போகட்டும், கிடந்துவிட்டுப் போகட்டும் என்று நீங்களும் நானும் விட்டிருப்போம். ஆனால் பவுசர் ஓட்டுகிற சுஜிதன் அன்றைய முறைகள் அச்சடித்த கடதாசித் துண்டைப் பார்த்துவிட்டு, "அண்ணை, ஆலடி வளவிலை ஒருத்தரும் இல்லையே" என்று கேட்டபோது, தன்னுடைய தரவுத்தளத்தில் பிழை என்று ஒப்புக்கொள்ள மூர்த்தியருக்கு நாக்கு எழும்பவில்லை.

"சிஸ்ரத்திலை இருக்கோ இல்லையோ?"

"இருக்கு அண்ணை."

"அப்ப இறக்கும்."

அன்றிலிருந்து முறைக்கு முறை, குடிக்கத் தண்ணீர் இல்லாத தீவில், ஆளில்லாத வளவில் இரண்டு பரல் நல்ல தண்ணீர் இறங்கியது. ஊர் ஆடுகள் எப்படியோ முறையை மணந்து பிடித்து, பவுசர் வருகிற நாளில் மதிலோடு வரிசையாக நிற்கப் பழகிக்கொண்டன. மனிதர்கள்கூட அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை.

காலை வேளைகளில் மூர்த்தியர் சங்கத்துக்கு வருகிற அழகைப் பார்க்கவேண்டும். தோய்த்து உலர்ந்த சேட்டு, நெற்றியில் திருநீறு, தோளில் துவாய். கொம்பியூட்டருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு, துவாயால் கையை மூடிக்கொண்டு கடவுச்சொல்லை அடிப்பார். கடவுச்சொல் மகளின் பெயர். ஊருக்கே தெரியும், ஆனால் தெரியாத மாதிரி எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு பழைய பிறிண்டர் கிறீச்சென்று கத்தி ஒரு துண்டைத் துப்பும். அதைக் கிழித்து, இரண்டு கையாலும் சுஜிதனிடம் பிரசாதம் கொடுப்பதுபோலக் கொடுத்துவிட்டு, "நான் இல்லாட்டி இண்டைக்கு ஊர் தொண்டை வறண்டு செத்திருக்கும்" என்ற முகத்தோடு கதிரையில் சாய்வார்.

இந்த நிலைமையில்தான் கனடாவிலிருந்து அந்தச் செய்தி வந்தது. மகள் லக்சிகா கலியாணம் கட்டி ரொறன்ரோவுக்குப் போய் வருசக்கணக்காகிவிட்டது. பிள்ளை இல்லையே என்று இங்கே தாய் விரதம், அங்கே மகள் வைத்தியம். கடைசியில் பலித்துவிட்டது. நல்லம்மா சந்தோசத்தில் அழுதாள், பிறகு அழுகையை நிறுத்திவிட்டு உரலை எடுத்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூளை இடித்து, சூட்கேசில் வைத்து, இருவருக்கும் விசாவும் எடுப்பித்தாள். மகள் போனில் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "அப்பா நிண்டால் எனக்குப் பயமில்லை. ரெண்டு பேரும் வாங்கோ." மூர்த்தியருக்கு மகள் என்றால் உயிர்தான். போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டுச் சொன்னார்:

"நான் போனால் தண்ணி?"

நல்லம்மா சண்டை பிடிக்கவில்லை. நேரே சங்கத் தலைவர் பாலசிங்கத்திடம் போனாள். பாலசிங்கமும் அந்தக் கொம்பியூட்டருக்குப் பயந்து பயந்தே தலைவராக இருந்தவர்தான். யாழ்ப்பாணத்தில் மென்பொருள் செய்கிற நிலாந்தினி என்ற பிள்ளையைப் பிடித்தார்கள். அவள் ஒரு லாப்டொப்போடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆயத்தமாகச் செய்துவைத்த கருவித்தொகுதி ஒன்று அவளிடம் இருந்தது. எந்தத் தரவுத்தளத்தோடும் பேசி, அதிலிருந்து வேண்டியதை எடுத்து, போனிலேயே காட்டுமாம். பேச்சுத் தொடங்குவதற்கு அதற்கு இரண்டொரு ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான். தட்டுகளின் பெயர் விளங்கவேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம் இருக்கவேண்டும். பாவம், அந்தப் பிள்ளைக்கு எங்கே வந்து மாட்டியிருக்கிறோம் என்று தெரியாது.

"அங்கிள், இதிலை ஏரம்பு எண்டு ஒண்டு கிடக்கு. அது என்ன?"

"அது எங்கடை பெரியப்பா."

"இல்லை அங்கிள், அதுக்குள்ளை என்ன இருக்கு?"

"என்ன இல்லை எண்டு கேளும்."

"சரி, சதீசன்?"

"நல்லம்மாவின்ரை தம்பி."

"அதிலை என்ன வைச்சிருக்கிறியள்?"

"அதுக்கொரு காரணம் இருக்கு பிள்ளை. சொன்னால் உமக்கு விளங்காது."

நிலாந்தினி பொறுமைசாலி. வீடுகளுக்கு இலக்கம் போடலாமா என்று மெதுவாகக் கேட்டாள். மூர்த்தியர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார்.

"கை வையாதேயும். உம்மடை கருவிக்கு இலக்கம் வேணுமெண்டால் அது வேறை எங்கையும் போய்த் தேடட்டும். இஞ்சை காணிக்குப் பேர் இருக்கு. நான் பதினேழாம் இலக்கத்திலை இருக்கிறன் எண்டு சொல்லுறதுக்கு நாங்கள் என்ன ஆசுப்பத்திரிக் கட்டிலே?"

"அப்ப இந்தப் பழசிலை ஒண்டும் மாத்த ஏலாதோ?"

"ஏலாது. புதுசுதான் பழசுக்கு வளைஞ்சு வரவேணும். உதுதான் மரியாதை."

அவர் இதைச் சொன்னது, வளையாமல் முறிந்துகொண்டு கருவி யாழ்ப்பாணத்துக்குத் திரும்பிவிடும் என்ற நம்பிக்கையில். உள்ளுக்குள் அவருக்கு ஒரே குளிர்மை. பார்த்தீர்களா, படித்த பிள்ளை, லாப்டொப், கருவித்தொகுதி, எல்லாம் வந்தும் ஏலாமல் போயிற்று, நானில்லாட்டி ஏலாது. மகளின் முகம் ஒருதரம் மனதில் வந்து போனதும் உண்மைதான். அதை அவர் துவாயால் துடைத்துவிட்டார்.

நிலாந்தினி முகம் வாடிப்போய் மூர்த்தியர் வீட்டுக் குசினிப் பக்கம் வந்தாள். நல்லம்மா தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். என்ன பிள்ளை என்று கேட்டாள். இவள் பெயர்களையும், உள்ளே திறந்தால் எல்லாம் சுருக்கெழுத்தாகவே கிடப்பதையும் சொன்னாள். நல்லம்மா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"சதீசனுக்குள்ளை என்னெண்டு நான் சொல்லட்டே? இரவல் குடுத்துத் திரும்பி வராத சாமான் ஏதும் சங்கத்திலை இருக்கோ?"

"இருக்கு அன்ரி. பரலுகள்."

"அப்ப அதுதான். என்ரை தம்பி இவரின்ரை மோட்டச்சைக்கிளை ஒருக்கா ஓடிப்போட்டுத் தாறன் எண்டு கொண்டு போனவன். இன்னும் ஓடுறான்."

நிலாந்தினி லாப்டொப்பில் எடுத்துவந்த பிரதியைத் திறந்து பார்த்தாள். சரிதான், பரல்கள். நிலாந்தினிக்கு மூச்சு வந்தது.

"சறோஜினிதேவி?"

"இவரின்ரை அக்கா. கோயிலிலை திருநீறு குடுத்தாலும் தனக்குத்தான் முதல் எண்டு நிப்பா. அது ஆர் முதல், ஆர் பிறகு எண்ட கதையாத்தான் இருக்கும்."

முறைகள்.

"ஏரம்பு?"

"ஊரிலை எந்தக் காணி ஆருடையது, எல்லை எங்கை எண்டு கேட்டால் நித்திரையிலையும் சொல்லுவார்."

வீடுகள்.

"பாலசிங்கம் எண்டும் ஒண்டு இருக்கு அன்ரி."

"தலைவற்றை பேரோ? அதுக்குள்ளை ஒண்டும் இராது."

திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. செய்துவைத்ததோடு சரி.

பாருங்கள் கூத்தை. உறவினரின் குணத்தைப் பூட்டாகப் போட்டு உலகத்தை ஏமாற்றிவிட்டதாக மூர்த்தியர் இருபது வருசமாக மார்தட்டுகிறார். யார் இரவல் வாங்கினால் கொடுக்க மாட்டார்கள், யார் முன்னுக்கு இடித்துக்கொண்டு நிற்பார்கள் என்பது கைப்பிள்ளைக்கும் தெரிந்த ஊரில்! ஊர் முழுக்கத் திறப்பைச் சிந்திவிட்டு வாசலில் ஒரு பூட்டு. இதற்குத்தான் அவ்வளவு துவாய்.

கடைசியில் ஒரு பெயர் மிஞ்சியது. நிலாந்தினி அதைச் சொல்லாமல் லாப்டொப்பை மூடப் பார்த்தாள். நல்லம்மா விடவில்லை.

"என்ரை பேரும் கிடக்கோ?"

"ஓம் அன்ரி."

"என்ன அதுக்குள்ளை?"

"முறைப்பாடுகள். ஊராக்கள் சொன்ன முறைப்பாடு எல்லாம். ஆறாயிரத்துச் சொச்சம்."

நல்லம்மா தேத்தண்ணிக் கோப்பையைத் திரும்ப எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

"காணாது, இன்னும் இருக்கவேணும்" என்றாள்.

பிறகு அவள் சிரிப்பை விட்டுவிட்டு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தாள். "பிள்ளை, என்ரை மகள் கிடையாமல் கிடைச்ச பிள்ளையை வயித்திலை வைச்சுக்கொண்டு தகப்பன் வருவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறாள். நான் தனியப் போய் இறங்கினால் அவளின்ரை முகம் எப்பிடிப் போகும் எண்டு எனக்குத் தெரியும். எப்பிடியெண்டாலும் இந்த மனிசனை உந்தப் பெட்டியிலை இருந்து கழட்டிவிடும்."

நிலாந்தினி கழற்றினாள். பழசில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. ஏரம்பு என்றால் வீடு, சதீசன் என்றால் பரல், நல்லம்மா என்றால் முறைப்பாடு என்று பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பு வைத்தாள். காணிப் பெயரையும் அதன் அடையாளத்தையும் சேர்த்து, அதையே இலக்கம்போல எடுத்துக்கொள்ளக் கருவிக்குப் பழக்கினாள். ஆளில்லாத வீட்டுக்கு முறை வந்தால் தாண்டிப் போகவும் சொல்லிக்கொடுத்தாள். கருவி வளைந்தது. மூர்த்தியர் கேட்ட மரியாதையோடு, இடுப்பை மடித்து, பழசுக்கு வளைந்தே வேலை செய்தது. சுஜிதனின் போனில் அன்றைய வீடுகள் வரிசையாக வந்தன.

சங்கத்தில் எல்லாருக்கும் காட்டியபோது மூர்த்தியர் கைகட்டிக்கொண்டு பார்த்தார். இந்த இனத்துக்குத் தோல்வி என்பது உடனே விளங்காது, அதற்கும் ஒரு காரணம் இருக்கும். "வடிவாத்தான் இருக்கு. பிள்ளையள் விளையாட நல்லது" என்றார். பாலசிங்கம் என்ன செய்தார்? தலைவர் செய்யக்கூடியதைச் செய்தார், அதாவது ஒன்றும் செய்யவில்லை. போனும் இருக்கட்டும், துண்டும் இருக்கட்டும் என்று தீர்மானம் போட்டார். சுஜிதனைத் தனியே கூப்பிட்டு, "போனைப் பாத்து ஓடு. துண்டை வேண்டி வைச்சுக்கொள். மனிசன் முறிஞ்சுபோயிடும்" என்று காதுக்குள் சொன்னார். மூர்த்தியர் வழக்கம்போலத் துவாயால் கையை மூடிக்கொண்டு அடித்தார், பிறிண்டர் கத்தியது, துண்டு கை மாறியது, தண்ணீரும் போனது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது ஊரில் ஒரேயொருவருக்குத்தான் தெரியாது.

நல்லம்மா ஒளிக்கவில்லை. முகத்துக்கு நேரே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, தண்ணி நீங்கள் இல்லாமலே ஓடுது. போய்ச் சுஜிதனைக் கேட்டுப் பாருங்கோ. ரிக்கற்றைப் போடுவம்."

மூர்த்தியர் வாய்விட்டுச் சிரித்தார். "உமக்கு இந்த விசயங்கள் விளங்காது நல்லம்மா. இவையள் என்னை விடமாட்டினம். அடுத்த முறை சுத்து முடியட்டும், பாப்பம்."

அடுத்த முறை முடிந்தது. அதற்கடுத்ததும் முடிந்தது. நல்லம்மா சூட்கேசைத் தானே இழுத்துக்கொண்டு வான் வண்டியில் ஏறினாள். கட்டுநாயக்கா விமான நிலையம்வரை கூடப்போயிருக்கலாம், அன்றைக்குப் பவுசர் நாள் என்று மூர்த்தியர் படலையோடு நின்றுவிட்டார். "ஒரு கிழமைக்குள்ளை வந்திடுவன். இவையளை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவந்திட்டு வாறன்" என்றார். நல்லம்மா சொன்னது இவ்வளவுதான்: "அவள் என்னைக் கேக்கமாட்டாள். உங்களைத்தான் கேப்பாள்." வான் போய்விட்டது. அவருக்கு நெஞ்சு கனத்தது உண்மை. அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு நேரே சங்கத்துக்குப் போய்ப் பிறிண்டரைப் போட்டார்.

மூன்று கிழமை போனது. ஒரு காலை அவர் சங்கத்தடிக்கு வந்தபோது வாசலை மறித்துக்கொண்டு ஆடுகள் நின்றன. கடாக்கள், மறிகள், குட்டிகள், தாடி வைத்த பெரியவர்கள், எல்லாம் குடும்பத்தோடு வந்திருந்தன. கலைத்தாலும் போகவில்லை, அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஆலடி வளவின் சீமெந்துத் தொட்டி மிச்சத் தண்ணீரும் முடிந்து காய்ந்து கிடப்பதால், பவுசர் புறப்படுகிற இடத்தைத் தேடிப்பிடித்து வந்திருக்கின்றன என்பது மெல்ல மெல்ல மூர்த்தியரின் மூளைக்கு எட்டியது. ஆலடி வளவுக்குத் தண்ணீர் போகவில்லை. அவர் துண்டில் போட்டது போகவில்லை.

ஸ்கூட்டரை முறுக்கினார். பனையடி வளவு எங்களோடு கோபத்தின் வாசலில் பவுசரை மறித்தார்.

"ஆலடி வளவுக்கு ஏன் இறக்கேல்லை?"

"அது போனிலை வரேல்லை அண்ணை."

"ஆரடாப்பா போனைக் கேட்டது? துண்டிலை இருக்கோ இல்லையோ?"

சுஜிதன் கீழே பார்த்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. "அண்ணை, கோவிக்காதேங்கோ. ஆவணி தொடங்கினதிலை இருந்து போனைப் பாத்துத்தான் ஓடுறன்."

"அப்ப நான் அடிச்சுத் தந்த துண்டெல்லாம்?"

"எறியேல்லை அண்ணை. வீட்டிலை பத்திரமா வைச்சிருக்கிறன்."

மூர்த்தியரின் சேட்டுப் பையில் போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவேண்டும்? ஆடுகளைக் கண்ட பாலசிங்கம்தான் பதறிப்போய், "மூர்த்தி, நீ இல்லாமல் ஏலாது, ஓடி வா" என்று கெஞ்ச அழைக்கிறார் என்று அவருடைய உடம்பின் ஒவ்வொரு எலும்பும் அவருக்குச் சொன்னது. கிடந்து கத்தட்டும். வீட்டுக்காரர் வெளியே வந்துவிட்டார்கள், பக்கத்து வளவுகளும் வந்துவிட்டன. "இண்டைக்கு ஆலடி வளவுக்கு இறக்காமல் இந்தப் பவுசர் ஒரு அடி நகராது" என்று ரயருக்கு முன்னால் நின்றார். போன் மறுபடியும் அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அவருடைய குரல் ஒரு பிடி உயர்ந்தது. தேடப்படுகிற மனிதனுக்கு வருகிற குரல். கடைசியில் சுஜிதன் பாவப்பட்டு, பவுசரைத் திருப்பிக் கொண்டுபோய், ஆலடி வளவுத் தொட்டியில் இரண்டு பரல் இறக்கினான். ஆடுகள் குடித்தன. மூர்த்தியர் வியர்வையைத் துடைத்தார். வென்றுவிட்டார். பிறகுதான் போனை எடுத்துப் பார்த்தார்.

பாலசிங்கம் ஒருதரமும் அழைத்திருக்கவில்லை. சங்கத்திலிருந்து ஒருவரும் அழைத்திருக்கவில்லை. அவ்வளவும் நல்லம்மா.

திருப்பி அழைத்தார். ரொறன்ரோவில் அப்போது நடுச்சாமம் கடந்திருந்தது.

"எங்கை போனீங்கள்?" என்றாள் நல்லம்மா. சத்தம் போடவில்லை. "நாள் இருக்க முந்தியே பேற்று நோ கண்டிட்டுது. பிள்ளையின்ரை துடிப்புக் குறையுது எண்டு அவசரமா உள்ளுக்கை கொண்டு போனவை. போகமுதல் அப்பாவின்ரை குரலை ஒருக்காக் கேக்கவேணும் எண்டு அழுதவள். எத்தினைதரம் எடுத்தனான். கட்டிலை உருட்டிக்கொண்டு போகும்வரையும் போனைக் காதிலை பிடிச்சுக்கொண்டுதான் இருந்தவள்."

மூர்த்தியர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். "இப்ப?"

"ரெண்டு பேரும் சுகம். பெம்பிளைப் பிள்ளை."

நல்லம்மா வீடியோவைப் போட்டு, போனைத் திருப்பிக் காட்டினாள். துணியில் சுற்றிய ஒரு சின்ன முகம். கண்ணை இறுக்கிக்கொண்டு கொட்டாவி விட்டது. பக்கத்தில் லக்சிகா களைத்துப்போய் நித்திரை.

"நான் இல்லாமல்..." என்று தொடங்கினார் மூர்த்தியர். வாழ்நாள் முழுக்க எத்தனையோதரம் சொன்ன வசனந்தான். அதை முடிக்க அவருக்கு ஏலவில்லை. பெற்ற மகள் தன்னுடைய குரலுக்காகக் காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்த நேரத்தில், தொண்டை கிழியக் கத்தி ஆட்டுக்குத் தண்ணீர் இறக்குவித்துக்கொண்டிருந்தவர் அவர். இடிந்த மதிலில் கையை ஊன்றிக்கொண்டு அந்த மனிதர் அழுதார். எனக்கும் அந்த இடத்தில் கேலி வரவில்லை, மன்னிக்கவேண்டும்.

வாசகரே, சிரித்துக்கொண்டுதானே வந்தீர்கள்? புளியங்கூடல் எங்கே, நாங்கள் எங்கே, எங்களிடம் ஏது பவுசர், ஏது தரவுத்தளம் என்று ஆறுதலாக இருக்கிறீர்களா? அப்படியானால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் இரண்டு நாள் லீவு எடுத்தால் கந்தோரில் என்ன பாடுபடுவார்கள் என்று எப்போதாவது நினைத்துப் பார்த்து, உங்களையறியாமல் ஒரு சின்னப் புன்சிரிப்பு வந்ததுண்டா? திரும்பிப் போனபோது எல்லாம் ஒழுங்காக நடந்திருந்தது கண்டு, சொல்லமுடியாத ஒரு கவலை பிடித்ததுண்டா? குசினியில் எந்தப் போத்தலில் சீரகம், எதில் பெருஞ்சீரகம் என்று உங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறதா?

சொல்லவேண்டாம், எனக்கு விளங்காது. இதை வாசித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் போன் ஒருதரம் அடித்தது, "கிடந்து கத்தட்டும்" என்று விட்டுவிட்டீர்கள். அதை முதலில் எடுத்துப் பாருங்கள். கந்தோராக இருக்காது.